தம்பானூரில் ஒரு வீட்டுப் பட்டறை

தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடித் திருவனந்தபுரம் வந்தவர்களுள் பெரும்பாலோர் முதலில் கால் வைத்த இடம் தம்பானூர். இரயிலில் வந்தாலும் தம்பானூர். பேருந்தில் வந்தாலும் தம்பானூர். இரயில் நிலையமும் பேருந்து நிலையமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. இடையே ஒரு சாலைதான். நாகர்கோவிலிலிருந்து வந்து சேர்வதற்கு எவ்வளவு பொறுமை வேண்டுமோ, அதில் பாதியாவது அந்தச் சாலையைக் கடப்பதற்கு வேண்டும்.

நாங்கள் இவ்வூருக்குக் குடிவந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இரயில்வேயில் எழுத்தர் உத்தியோகம். ஆகையால் தம்பானூரை நாள்தோறும் இருமுறை பார்க்கிறோம். நாள்தோறும் பார்க்கும் ஊரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். நாள்தோறும் பார்க்கும் இடத்தைத்தான் நாம் சரியாகப் பார்ப்பதில்லை என்பது எங்கள் எண்ணம்.

இளைஞர்களுக்காகச் சில செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறோம். கொல்லத்திலிருந்து வந்த மீட்டர் கேஜ் இருப்புப்பாதை 1918-இல் நகரின் ஓரத்தோடு நின்றுவிட்டது. 1931-இல்தான் அது தம்பானூர் வரை நீண்டது. கருங்கல்லால் எழுப்பிய நிலையக் கட்டடம் அக்காலத்தது. 1976-இல் அகலப்பாதை வந்தது. 1979-இல் நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் பாதை திறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று திருவனந்தபுரம் கோட்டம் தோன்றியது. குமரி மாவட்டத்து மக்கள் அதற்கு முன்பெல்லாம் பேருந்தையே நம்பி இங்கு வந்தனர்.

தம்பானூர் தாழ்ந்த நிலம். ஆமயிழஞ்சான் தோடு என்னும் கால்வாய் இருப்புப்பாதைகளுக்கு அடியிலேயே ஓடுகிறது. பெருமழை பெய்தால் தெருவில் தண்ணீர் ஏறும். வெள்ளத்தைத் தணிப்பதற்காக 2015-இல் மாவட்ட நிர்வாகம் ‘ஆப்பரேஷன் அனந்தா’ என்ற பெயரில் கால்வாய்களைத் தூர்வாரி ஆக்கிரமிப்புகளை அகற்றியது. இந்த ஈரத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். நாம் காணப்போகும் பட்டறைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

பேருந்து நிலையத்தை ஒட்டிச் செங்கல்லால் ஆன வட்டக் கோபுரம் ஒன்று நிற்கிறது. அதுதான் காப்பி ஹவுஸ். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) வடிவமைத்தது. உள்ளே தளம் சுழன்று சுழன்று மேலே ஏறுகிறது. சுவரில் செங்கல்லை விட்டுவிட்டு அடுக்கிய துளைகள் வழியாகவே காற்றும் வெளிச்சமும் வருகின்றன. இரும்புக் கம்பி அடைத்த சன்னல் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. ஆனால் வெளியே வந்து எந்தத் தெருவில் நுழைந்தாலும் இரும்புதான். சன்னலுக்குக் கம்பி, வாசலுக்குக் கேட், மாடிக்குக் கைப்பிடி, தண்ணீர்த் தொட்டிக்கு மேடை. இவற்றையெல்லாம் செய்கிறவர்கள் யார்? நம்மவர்களுள் பலர் இந்தத் தொழிலில்தான் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரது வீட்டிற்குத்தான் நாங்கள் சென்றோம்.

பவர் ஹவுஸ் சாலை

இரயில் நிலையத்தின் பின்வாயில் வழியே வெளிப்பட்டால் பவர் ஹவுஸ் சாலை. பெயருக்குக் காரணம் உண்டு. 1929-இல் இந்நகருக்கு முதன்முதலாக மின்விளக்கு வந்தபோது அதற்கான மின்சாரத்தை உற்பத்தி செய்த நிலையம் இருந்த பகுதி இது. பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது 1940-இல். அதற்கு முன்பே தலைநகரில் விளக்கு எரிந்தது. இன்று அந்தச் சாலையை அடுத்த சந்துகளில் மின்சாரத்தைக் கொண்டு இரும்பை உருக்குகிறார்கள்.

அங்கிருந்து கிள்ளிப்பாலம் பக்கமாக நடந்தால் செந்திட்டை. சற்றுத் தள்ளிச் சாலைக் கடைத்தெரு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசர் ஏற்படுத்திய சந்தை அது. தமிழ் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் தெரு. அரிசி, பருப்பு முதல் ஆணி, கம்பி வரை அங்கே கிடைக்கும்.

நாங்கள் சென்ற நாள் 2025 அக்டோபர் 1, ஆயுத பூஜை. செந்திட்டையில் நல்ல கூட்டம். காரணம் நம் வாசகர்களுக்குத் தெரியும். நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் சுமார் 55 கிலோமீட்டர் ஊர்வலமாக இந்நகருக்கு எழுந்தருளுகின்றனர். சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் தங்குகிறாள். குமாரசுவாமி ஆரியசாலையில். நங்கை செந்திட்டையில். சுவாதித் திருநாள் மகாராஜாவின் காலத்தில் இவ்விழா பத்மநாபபுரத்திலிருந்து இங்கு மாற்றப்பட்டது. இன்று அந்த மூன்று ஊர்களும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. மொழி எல்லையைக் கடந்து ஆண்டுதோறும் வந்து, பத்து நாள் அயலூரில் தங்கித் திரும்பும் தெய்வங்கள் இவை. நாமோ வந்தோம், திரும்பவில்லை.

பட்டறையைக் காட்டுதல்

எங்கள் நண்பர் விளவங்கோட்டுப் பக்கத்தவர். பத்தொன்பது வயதில் தம்பானூரில் இறங்கினார். இருபத்து நான்கு ஆண்டுகள் பிறருடைய பட்டறைகளில் கூலிக்கு வெல்டிங் செய்தார். இப்போது வீட்டின் பின்புறம் பத்தடிக்குப் பதினான்கடி கொட்டகை போட்டுச் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார். “ஆயுத பூஜையன்று குடும்பத்தோடு வாருங்கள் சார், பட்டறையைக் காட்டுகிறேன்” என்று பல நாள் அழைத்திருந்தார்.

சந்தனமும் குங்குமமும் இட்டுக் கருவிகளை வரிசையாக வைத்திருந்தார். வைஸுக்கு ஒரு மாலை. கறுப்புக் கண்ணாடி பொருத்திய முகமூடிக்கு ஒரு மாலை. இலையில் பொரி, கடலை, சுண்டல். எங்கள் சிறுவன் கிரைண்டரைத் தொடப் போனான். “இன்றைக்கு யாரும் தொடக்கூடாது மருமகனே, அதற்கும் ஒரு நாள் லீவு வேண்டாமா?” என்றார் நண்பர். ஆகவே பட்டறையைக் காட்டுவது என்றால் விரலால் சுட்டிக்காட்டுவதுதான். அவர் தொடாமலே எல்லாவற்றையும் விளக்கினார்.

முதலில் இயந்திரம். முன்பு அவர் வேலை செய்த இடங்களில் இருந்தவை பழைய மாதிரி மின்மாற்றிகள். இரண்டு பேர் சேர்ந்துதான் நகர்த்த வேண்டும். 80 ஆம்பியரில் பற்றவைக்க அவை வீட்டு இணைப்பிலிருந்து 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அக்கம்பக்கத்து விளக்குகள் கண் சிமிட்டும். இப்போது அவரிடம் இருப்பது இன்வெர்ட்டர் வகை. எடை ஆறு கிலோதான். குடத்தைத் தூக்குவது போல ஒரு கையால் தூக்கலாம். அதே வேலைக்கு ஏறத்தாழப் பாதி மின்னோட்டமே எடுத்துக்கொள்கிறது. ஆனால் சின்னதாக இருக்கிறதே என்று வீட்டு இணைப்பிலேயே தொழில் நடத்துவது முறையன்று. தொழிலுக்கான இணைப்பும் கட்டணமும் வேறு. நண்பர் தனி இணைப்பு வாங்கியிருக்கிறார். மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டித்துவிடும் சாதனமும் பொருத்தியிருக்கிறார்.

இயந்திரம் தரையில் இல்லை. மூன்றடி உயரச் சிமெண்டு மேடையில் இருந்தது. தம்பானூர் மழையை முன்னிட்டு அவ்வாறு செய்தாராம். நிற்கும் இடத்தில் உலர்ந்த மரப்பலகை. பற்றவைக்காதபோது ஹோல்டரின் முனையில் 60, 70 வோல்ட் நிற்கும். வறண்ட கையில் அது பெரிதாகத் தெரியாது. வியர்வையில் நனைந்த கையும் ஈரத் தரையும் சேர்ந்தால் உயிரையே வாங்கும். வெல்டிங் ராடுகளை மூடியுள்ள பெட்டியில் ஒரு விளக்கோடு வைத்திருந்தார். ராடின் மேற்பூச்சு ஈரம் வாங்கினால் பற்றவைத்த இடத்தில் குமிழ் விழும். இவ்வூரில் ஜூனில் ஒரு மழைக்காலம்; அக்டோபரில் இன்னொரு மழைக்காலம். அப்பளத்தைப் பாதுகாப்பது போலத்தான் ராடையும் பாதுகாக்க வேண்டும் என்று அவர் மனைவி சொன்னார். இரண்டையும் பாதுகாப்பவர் அந்த அம்மையார்தாம்.

ராடு பற்றிச் சில வார்த்தைகள். நாம் தெருவில் காணும் வெல்டிங், மின்வில்லின் வெப்பத்தால் நிகழ்வது. ராடின் நுனிக்கும் இரும்புக்கும் இடையே சிறு இடைவெளியில் மின்சாரம் பாய்கிறது. அங்கே வெப்பம் 5,000 பாகைக்கு மேல். இரும்போ சுமார் 1,500 பாகையிலேயே உருகிவிடும். ராடும் உருகி, இரு துண்டுகளின் விளிம்பும் உருகி, மூன்றும் ஒன்றாகக் கலந்து உறைகின்றன. இரஷ்யாவில் பெனார்தோஸ் என்பவர் 1880-களில் கரிக்கோலைக் கொண்டு இதைச் செய்தார். அவர் நாட்டவரான ஸ்லவியானோவ் கரிக்குப் பதிலாக உலோகக் கோலையே பயன்படுத்தினார். ஸ்வீடன் நாட்டு எஞ்சினியர் கெல்பெர்க் கோலுக்கு மேற்பூச்சு இட்டார். அந்தப் பூச்சு எரிந்து புகையாகிக் காற்றை விலக்குகிறது; கசடாகி மேலே மூடுகிறது. காற்றுப் பட்டால் உருகிய இரும்பு கெட்டுவிடும். சிப்பிங் சுத்தியால் தட்டியதும் கறுப்பு ஓடு உதிர்ந்து வெள்ளிபோல் தழும்பு தெரிகிறதே, அந்த ஓடுதான் கசடு.

எங்கள் இரயில்வேயிலும் இரும்பை இணைக்கிறார்கள். முறை வேறு. முன்பு ஒரு தண்டவாளத்தின் நீளம் 13 மீட்டர். ஒரு கிலோமீட்டர் பாதையில் இருபுறமும் சேர்ந்து ஏறத்தாழ 154 இணைப்புகள். பழைய பிரயாணிகளைத் தாலாட்டிய ‘தடக் தடக்’ ஓசை அவற்றிலிருந்து வந்ததுதான். இன்று தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்துவிடுகிறார்கள். பாதையிலேயே இணைக்க வேண்டிய இடத்தில் தெர்மிட் முறை. அலுமினியத் தூளையும் இரும்பு ஆக்சைடையும் கலந்து மூசையில் இட்டுப் பற்றவைத்தால், சற்று நேரத்தில் அது உருகிய எஃகாகி இரு தண்டவாளங்களுக்கு இடையிலுள்ள விரலளவு இடைவெளியில் இறங்குகிறது. ஜெர்மனியின் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் கண்ட முறை இது. நண்பரிடம் இதைச் சொன்னோம். “உங்களுக்குச் சட்டியில் காய்ச்சி ஊற்றுவது, எங்களுக்குக் கரண்டியால் சொட்டுச் சொட்டாக விடுவது” என்றார். இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எங்களால் இயலாது.

உடைத்த துண்டுகள்

பட்டறைகளுக்குச் சென்றால் அவரவர் செய்த அழகிய கேட்டுகளின் படத்தைத்தான் காட்டுவார்கள். மயில் வைத்த கேட், சூரியன் வைத்த கேட். எங்கள் நண்பரும் காட்டினார். ஆனால் அவர் பெருமையோடு காட்டியது வேறு. சுவரில் ஓர் ஆணியில் ஏழெட்டு இரும்புத் துண்டுகளைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார். எல்லாம் அவரே பற்றவைத்து, வைஸில் பிடித்து, சம்மட்டியால் அடித்து உடைத்தவை.

“இது பார்க்க அழகு. உள்ளே கசடு மாட்டிக்கொண்டது. ஒரே அடியில் போய்விட்டது. இது பார்க்கக் கோணல். ஆனால் நான்கு அடி வாங்கியும் வளைந்ததே தவிரப் பிரியவில்லை” என்று சுட்டிக்காட்டினார். அவரிடம் தொழில் கற்கும் பையனுக்கு இவைதாம் பாடப் புத்தகம். மேற்கு வங்காளத்திலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் பையன் அவன். தமிழும் மலையாளமும் பாதிப் பாதி பேசுகிறான். தான் வந்திறங்கிய வயதும் அதுதான் என்று நண்பர் சொன்னார்.

திருச்சியில் பெல் தொழிற்சாலை கொதிகலன் செய்கிறது. அதனோடு சேர்ந்து 1975-இல் நிறுவப்பட்ட வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. அத்தகைய இடங்களில் பற்றவைத்த இணைப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். சந்துப் பட்டறையில் எக்ஸ்ரே ஏது? சம்மட்டிதான் எக்ஸ்ரே. நாலடிக்கு நாலடி சன்னல் கம்பி ஒன்றைக் கணக்கிட்டுப் பார்த்தோம். 12 மி.மீ. சதுரக் கம்பியில் சட்டமும் ஒன்பது குறுக்குக் கம்பியும் சேர்ந்து சுமார் பதினேழரைக் கிலோ. இணைப்புகள் 22. அவற்றுள் நாலைந்து வெறும் ஒட்டாக இருந்தாலும் பெயிண்ட் அடித்த பிறகு வாங்குபவருக்குத் தெரியாது. திருடனுக்குத்தான் தெரியும். ஆகையால் இத்தொழிலில் நேர்மை என்பது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

செய்யும் முறையையும் கேட்டு அறிந்தோம். அளவுக்கு வெட்டிய கம்பிகளைச் சமதளத்தில் பரப்பி, மூலைமட்டம் வைத்து, முதலில் அங்கங்கே ‘டாக்’ அடிக்கிறார்கள். பிறகு மூலைக்கு மூலை நாடா பிடிக்கிறார்கள். இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவாக இருந்தால் சட்டம் நேர். அப்புறம்தான் முழுதாகப் பற்றவைப்பது. அதுவும் ஒரு பக்கமாகவே செல்லாமல் எதிரெதிராக மாற்றி மாற்றி. இல்லையேல் இரும்பு ஆறும்போது சுருங்கிச் சட்டத்தை முறுக்கிவிடும். இறுதியில் கசடு தட்டி, கம்பிப் பிரஷ் போட்டு, தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசுகிறார்கள். கடற்கரை நகரமாதலால் பூச்சில் கஞ்சத்தனம் கூடாது.

கணக்கு

எழுத்தர்களுக்கு எதைக் கண்டாலும் கணக்குக் கேட்கும் பழக்கம் போகாது. நண்பரின் மனைவி ஒரு நோட்டை எடுத்து வந்தார். இயந்திரம் ரூ. 8,500. இரும்பு வெட்டும் எந்திரம் ரூ. 9,000. கிரைண்டர் ரூ. 2,800. வைஸும் கைக்கருவிகளும் ரூ. 4,500. மின்கம்பி வேலையும் எர்த்தும் ரூ. 6,000. முகமூடி, தோல் கையுறை, முன்கவசம் ரூ. 2,200. கூரை ரூ. 12,000. மறைப்புச் சுவர் ரூ. 14,000. ஆக மொத்தம் ரூ. 59,000. கூட்டல் சரியாகவே இருந்தது.

இதில் எங்கள் கண்ணில் பட்டது ஒன்று. பற்றவைக்கும் இயந்திரத்திற்கு 8,500. அதை மறைக்கும் சுவருக்கு 14,000. ஏன் என்று கேட்டோம். நண்பர் மதிலுக்கு அப்பால் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

மதிலுக்கு அப்பால் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். வயது எழுபதுக்கு மேல். கணவர் படுக்கையில் இருக்கும் நோயாளி. பட்டறை தொடங்கிய மூன்றாம் வாரம் அந்த ஆசிரியை ஒரு தாளோடு வந்தார். மாநகராட்சிக்கு எழுதிய மனு. அழகிய கையெழுத்து. மூன்று குறைகள். இரவில் வெளிச்சம் அவர் வீட்டுக் கூரையில் மின்னல் போல் அடிக்கிறது. கிரைண்டர் ஓசையால் கணவர் உறங்க முடியவில்லை. பெயிண்ட் நெடி சமையலறைக்கு வருகிறது. “படித்துப் பார். பொய் ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டாராம். பொய் ஒன்றும் இல்லை என்று இவர் ஒப்புக்கொண்டார். அன்றைக்கு அந்த ஆசிரியை மனுவை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகுதான் சுவர் எழும்பியது. ஒளி வெளியே போகாதபடி தகரமும் தார்ப்பாயும் அதற்கு மேல் அமைந்தன. காலை ஒன்பது முதல் பன்னிரண்டரை வரை, பிற்பகல் மூன்று முதல் ஐந்தரை வரை மட்டுமே கிரைண்டர். இரவு வேலை அறவே இல்லை. பெயிண்டைத் தெளிப்பதில்லை, பிரஷ்ஷால் பூசுவதுதான், அதுவும் மறுபக்கத்துத் திண்ணையில். இவற்றால் மாதத்தில் சில வேலைகள் கைநழுவிப் போகின்றன. அவசரமாக இரவோடு இரவாகச் செய்து தரச் சொல்பவர்கள் வேறு பட்டறைக்குப் போகிறார்கள்.

“மனு என்ன ஆயிற்று அண்ணாச்சி?” என்று கேட்டோம்.

“டீச்சர் அதைக் கிழித்துப் போடவில்லை. ‘நான் கொடுக்கவில்லை, கொடுக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை’ என்றார்கள். அலமாரியில் இருக்கிறது” என்றார்.

அபாயங்கள்

ஆசிரியையின் குறை வெறும் முணுமுணுப்பு அன்று என்பதை வாசகர்கள் அறிய வேண்டும். வெல்டிங் ஒளியில் புற ஊதாக் கதிர் உண்டு. வெறுங்கண்ணால் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நள்ளிரவில், கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரியும். நீர் கொட்டும். தெருவில் வேடிக்கை பார்க்கும் குழந்தைகளுக்கும் இது வரலாம். பற்றவைப்பவர் 10 அல்லது 11 எண்ணுள்ள கறுப்புக் கண்ணாடி அணிய வேண்டும். குளிர்க்கண்ணாடி போதாது.

துத்தநாகம் பூசிய குழாயைப் பற்றவைத்தால் வெண்புகை வரும். அதை மூச்சில் இழுத்தால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் காணும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறைகளில் நம்புகிறார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது. புகை நுரையீரலுக்குப் போகிறது. பூச்சைத் தேய்த்து நீக்குவதும் காற்றோட்டமுமே பரிகாரம். உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வெல்டிங் புகையையே மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்குவனவற்றுள் சேர்த்தது. ஆகவே நண்பரின் கொட்டகை ஒளிக்கு மூடியும் காற்றுக்குத் திறந்தும் இருக்கிறது. கூரைக்கும் சுவருக்கும் இடையே இரண்டடி இடைவெளி. ஒரு விசிறி புகையை மேல்நோக்கி வெளியேற்றுகிறது.

தீயும் உண்டு. பொறி தெறித்து விழக்கூடிய 35 அடிக்குள் எரியும் பொருள் இருக்கலாகாது என்பது பாதுகாப்பு விதி. சந்தில் 35 அடிக்கு எங்கே போவது? எனவே எடுக்க முடிந்ததை எடுத்துவிட்டு, எடுக்க முடியாததைத் தகரத்தால் மூடி, மணல் வாளி ஒன்றை அருகில் வைத்திருக்கிறார். பெட்ரோல் இருந்த பீப்பாயை எவ்வளவு கூலி கொடுத்தாலும் தொடுவதில்லை. காலியாக இருந்தாலும் அதற்குள் ஆவி இருக்கும், வெடித்துவிடும்.

விஜயதசமி

ஆயுத பூஜையன்று கருவிகள் உறங்கும். மறுநாள் விஜயதசமியன்று காலையில் அவற்றை எழுப்பி முதல் வேலை செய்ய வேண்டும். அதைக் காணவும் நண்பர் அழைத்தார். அக்டோபர் 2, காந்தி ஜயந்தி விடுமுறையாகவும் அமைந்தது. சென்றோம்.

ஏழரை மணிக்குள் நல்ல நேரம் என்று சோதிடர் குறித்துக் கொடுத்திருந்தார். ஆறரைக்கே நண்பர் குளித்து, வெள்ளை வேட்டி உடுத்தி ஆயத்தமாக இருந்தார். வங்காளத்துப் பையனும் புதுச்சட்டை அணிந்திருந்தான். ஆறே முக்காலுக்கு ஆசிரியை வீட்டிலிருந்து ஒரு சிறுவன் வந்தான். விஜயதசமியன்று அந்த ஆசிரியை அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு எழுத்தறிவிப்பது வழக்கமாம். இந்த ஆண்டு பதினொரு குழந்தைகள். அவர்கள் போகும்வரை ஓசை வேண்டாம் என்பது செய்தி.

நண்பர் கடிகாரத்தைப் பார்த்தார். ஓர் ஆண்டுத் தொழிலுக்கு நல்ல நேரம் பார்ப்பது சிறிய விஷயமன்று. மனைவி ஒன்றும் பேசவில்லை. “சரி என்று டீச்சரிடம் சொல்” என்று சிறுவனை அனுப்பிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார்.

நாங்களும் உட்கார்ந்தோம். மதிலுக்கு அப்பாலிருந்து குழந்தைகளின் அழுகையும், அரிசியில் விரல் பிடித்து எழுதிக்கொண்டே ஆசிரியை எழுத்தைச் சொல்லும் குரலும் கேட்டன. ஒரு குழந்தை மட்டும் பிடிவாதமாக எழுத மறுத்தது. அதற்கே அரை மணி ஆயிற்று. ஏழரை கடந்தது. எட்டரை கடந்தது. நண்பரின் மனைவி இட்லி கொண்டுவந்தார். ஒன்பதே காலுக்கு மதிலுக்கு மேல் ஆசிரியையின் தலை தெரிந்தது. “இனி ஆவாம்” என்றார். சிரிக்கவில்லை. போய்விட்டார்.

நண்பர் முகமூடியைப் பையனிடம் கொடுத்தார். ஒரு தையற்கடைக்காரர் கேட்டிருந்த மேசைக்கால்தான் அந்த ஆண்டின் முதல் வேலை. எங்களை மறைப்புக்கு இப்பால் நிறுத்தினார். பையனுக்குக் கை நடுங்கியது போலும். முதல் தடவை ராடு இரும்போடு ஒட்டிக்கொண்டது. “தீக்குச்சி கிழிப்பது போல. குத்தாதே, கிழி” என்ற குரல் மட்டும் எங்களுக்குக் கேட்டது. பிறகு எண்ணெயில் அப்பளம் பொரிவது போன்ற ஒரே சீரான ஓசை. அந்த ஓசை நல்ல வெல்டிங்குக்கு அடையாளமாம். தகரத்தின் விளிம்பில் நீல ஒளி சற்றே கசிந்தது. ஆசிரியை வீட்டுச் சுவரில் ஒன்றும் விழவில்லை. அதை நாங்கள் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டோம்.

நம் குடும்பங்களுக்கு

நம் பிள்ளைகளுள் சிலர் இத்தொழிலை நாடுகிறார்கள். சாக்கையிலுள்ள அரசு ஐ.டி.ஐ. போன்ற பயிற்சி நிலையங்களில் ஓராண்டு வெல்டர் படிப்பு இருக்கிறது. முறையாகக் கற்றவனுக்கு உள்ளூரிலும் வளைகுடாவிலும் வேலை உண்டு. வீட்டிலேயே பட்டறை போட நினைப்பவர்கள் மாநகராட்சி உரிமத்தையும் தொழில் மின் இணைப்பையும் முதலில் விசாரிக்க வேண்டும். சிறுதொழிலுக்கான ‘உத்யம்’ பதிவு 2020 முதல் கட்டணமின்றி நடக்கிறது. இயந்திரம் வாங்குவதற்கு முன் மறைப்புக்கும் காற்றோட்டத்துக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

இவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மதிலுக்கு அப்பால் இருப்பவரிடம் போய், “இங்கே இப்படி ஒன்று தொடங்கப் போகிறேன், எந்த நேரம் உங்களுக்கு இடைஞ்சல்?” என்று கேட்பது. சொந்த ஊரில் அயலார் மாமனாகவும் மச்சானாகவும் இருப்பார்கள். சண்டையிட்டாலும் கல்யாணத்தில் சேர்ந்துகொள்ளலாம். வந்த ஊரில் நமக்கு அத்தகைய உறவு இல்லை. ஒவ்வொரு நாளும் நம் நடத்தையால்தான் அதை ஈட்ட வேண்டும்.

எங்கள் நண்பரின் பட்டறையைப் பார்க்க விரும்புவோர் வேலை நாளில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் செல்வது நல்லது. உடைத்த துண்டுகளைத் தாமே எடுத்துக் காட்டுவார். மனு இன்னமும் ஆசிரியை வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது என்று சென்ற வாரம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இல்லை. “அது அங்கே இருக்கும்வரை நானும் இங்கே ஒழுங்காக இருப்பேன் சார்” என்றார்.